குதிரையை விற்காதீர்கள், மச்சான்

தராஸ்
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் துர்சின்பெக் அவர்களுக்கு,

உங்கள் தங்கை குன்சுலுவின் கணவனும், இந்த ஊரின் பழைய ஃபிரிட்ஜுகளுக்கெல்லாம் வைத்தியனுமான செர்கெபாய் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. முறைப்படி முதலில் கால்நடைகளை விசாரிக்கிறேன். ஆடுகள் நலமா? பின்தங்கிப் பிறந்த குட்டிகள் தேறிவிட்டனவா? மலைமேட்டில் புல் இன்னும் பச்சையாக இருக்கிறதா, ஓநாய் வந்து எட்டிப் பார்க்கிறதா? பசுக்கள் நலமா, நாய் நலமா? அடுத்து மனிதர்கள். அண்ணியின் முழங்கை வலி எப்படி? நீங்கள் நலமா, உங்கள் கோபம் நலமா? இங்கே நாங்கள் எல்லோரும் நலம். ‘எல்லோரும்’ என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். கால்நடை வரிசையில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். செம்பழுப்புக் குதிரை கார்லிகாஷ் இன்னும் உங்கள் கட்டுத்தறியில்தான் நிற்கிறாளா? நின்றால் அவளை விற்காதீர்கள். விலை பேசியிருந்தால் முறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாங்க வந்திருக்கும் கோர்தாய் ஊர் ஆளுக்குக் கோப்பையின் விளிம்புவரை தேநீரை ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். பாதிக் கோப்பை ஊற்றினால் உட்காரச் சொல்கிறோம், முழுக் கோப்பை ஊற்றினால் கிளம்பச் சொல்கிறோம் என்பது அவருக்கும் தெரியும்தானே. ஏனென்றால், மச்சான், என் கடைக்குட்டி, உங்கள் மருமகன் பெகாரிஸ் நடக்கிறான். ஏப்ரல் மாதத்திலிருந்தே நடக்கிறான்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் மேலே உள்ள கடைசி வரியை நீங்கள் இரண்டு தடவை படிப்பீர்கள், பிறகு சாட்டையை எடுப்பீர்கள், பிறகு அதே கார்லிகாஷின் மேல் சேணம் போட்டுக்கொண்டு என்னை அடிக்கக் கீழே இறங்கி வருவீர்கள். வழி நீளமானது. வழியில் யோசிக்க உங்களுக்கு ஏதாவது வேண்டும் என்பதற்காக மீதியை எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் உங்கள் மேட்டில் சிக்னல் கிடையாது. சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே பாறையின் மேல் ஏறி நின்று போன வாரம் நீங்கள் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிட்டு வைத்ததுதான் கடைசி. “எங்க பக்கத்துல எல்லாருக்கும் காலு குதிரைக் காலு. உங்க வம்சத்துக்குத்தான் காலே கிடையாது மாப்ளே, உங்கப்பன் உக்காந்தே செத்தான்!” என்று கத்தினீர்கள். என் அப்பா டிராக்டர் ஓட்டினவர், மச்சான். உட்கார்ந்திருக்கத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எங்கள் வம்சத்துக் கால்களின் மானத்தைக் காப்பாற்றுவதும் இந்தக் கடிதத்தின் இரண்டாவது நோக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில்தான் விஷயம் தெரிந்தது. உங்கள் மேட்டுக்கு மாவும் உப்பும் ஏற்றி வரும் மெய்ராம், ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தன் வண்டியின் சின்ன ஃபிரிட்ஜை வாங்கிப்போக வந்தவன், திருகாணியைச் சரிபார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறான்: “அண்ணே, உங்க மச்சான் கார்லிகாஷை விக்கிறாரே, தெரியுமா? கோர்தாய்லேருந்து ஆள் வந்து ரெண்டு நாளா கூடாரத்துல உக்காந்திருக்கான். உங்க பையனுக்கு ஒண்ணரை வயசாகியும் கால் வரலியாம்ல? அல்மாட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு உங்க மச்சான் சொல்லிட்டிருக்காரு. பாவம், சொல்றப்போ குதிரை மூஞ்சியைப் பார்க்கவே இல்ல.” என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. கார்லிகாஷை எனக்குத் தெரியாதா? தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் நீங்கள். அண்ணியின் பிறந்த நாள் எந்த மாதம் என்று கேட்டால் முழிப்பீர்கள். கார்லிகாஷ் பிறந்தது எந்த நாள், எந்த வானிலை, எத்தனை மணிக்கு எழுந்து நின்றாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். வசந்த விழாப் பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தபோது, முதலாவதாக வந்த குதிரைக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்று மூன்று மாவட்டத்துக்கும் சொல்லித் திரிந்தவர் நீங்கள். அவளை என் மகனின் காலுக்காக விற்கிறீர்கள். அந்தக் காலோ, மெய்ராம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் உங்கள் தங்கையின் செருப்பைப் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தது.

சரி, ஏன் மறைத்தோம்? கடன், மச்சான். எனக்குக் கடன் இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போது பேனா தானாகவே கொஞ்சம் ஆடுகிறது, மன்னிக்கவும். நாற்பத்திரண்டு லட்சம் டெங்கே. நான் சூதாடினேனா, குடித்தேனா? இல்லை. விருந்துக்குப் போனேன். விருந்து வைத்தேன். மூத்தவள் முதல் அடி வைத்தபோது, காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்துக்கு ஒரு கடன். நடுவிலுள்ளவளுக்கு இன்னொன்று. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து, அடுத்ததாவது ஆணாகட்டும் என்று அவளுக்கு உல்போல்சின் என்றே பெயர் வைத்தோமே, அந்தப் பெயர்சூட்டுக்கு ஒன்று, அவள் நடந்ததற்கு ஒன்று. உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளில் உங்கள் தோளில் நான் போர்த்திய பொன்சரிகை அங்கி நினைவிருக்கிறதா? எல்லோரும் கைதட்டினார்கள். அதன் தவணை போன பனிக்காலத்தில்தான் முடிந்தது. அங்கியை அதற்கு முன்பே அண்ணி வேறு யாருக்கோ போர்த்திவிட்டார் என்று கேள்வி, அது உங்கள் குடும்ப விஷயம், நான் அதில் தலையிடவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் வாங்கிய கடனை அடைக்க, அந்த நாலு பேருக்கும் தெரியாமல் இன்னொரு கடன். இப்போதெல்லாம் வங்கிக்குக் கூடப் போக வேண்டியதில்லை, ஃபோனில் கட்டைவிரலை வைத்தால் பணம் விழுகிறது. குளிர்காலத்தில் விரல் விறைத்திருந்தால் கூட ஏற்றுக்கொள்கிறது. அவ்வளவு நல்ல மனசு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் பனி உருகக் காத்திருந்தேன். அந்த வீட்டு அம்மாள் உள்ளே வெந்நீர்ச் சட்டியை வைத்துவிட்டு யாருடைய விருந்துக்கோ போய்விட்டாள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, ‘உருகும் ஃபிரிட்ஜ்’ என்று பெயர் வைத்து, என் கடனை மொத்தமாக எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. உங்களுக்குச் சொல்ல முடியாததை, குன்சுலுவுக்கே பாதிதான் சொன்னதை, முகம் தெரியாத வெளிக்கு முழுசாகச் சொன்னேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பனி உருகி முடிவதற்குள் ஏழு பேர் பதில் எழுதிவிட்டார்கள். “தம்பி, எனக்கு அறுபது லட்சம். நீ குழந்தை” என்றார் ஒருவர். மச்சான், அந்த ஒரு வரியில் எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு வாராவாரம் எழுதினேன்: இந்த வாரம் என்ன அடைத்தேன், எங்கே சறுக்கினேன், எந்த விருந்துக்கு என்ன பொய் சொன்னேன். படிக்கிறவர்கள் இரண்டாயிரம் பேர் ஆனார்கள். ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் செமேய் நகரத்தில் ஒரு அக்கா இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்காளர், நான் சிகரெட் வாங்கினால் அவருக்கு அங்கே இருமல் வருகிறது. காஸ்பியன் கரையில் ஒரு ஒட்டகக்காரர், எதைக் கேட்டாலும் ஒட்டகத்தை வைத்துத்தான் பதில் சொல்வார். பாவ்லதாரில் ஒரு நர்ஸ். “அண்ணா, உறையில பணம் கம்மியா வைக்க வெக்கமா இருந்தா உறையைப் பெருசா வாங்கு” என்று சொல்லிக்கொடுத்தது அந்த நர்ஸ்தான். உங்கள் சின்ன மகன் கல்யாணத்தில் நான் கொடுத்த உறை ஏன் மேஜை விரிப்பு அளவுக்கு இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். ரிப்பேரில் இருக்கிறது என்று உங்களிடம் சொன்ன என் கார், விற்றுப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அதுவும் செமேய் அக்காவின் உத்தரவு. கருவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். மறுபடி கடன் வாங்குவதில்லை என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன். கடைசித் தவணை இந்த ஆகஸ்ட்டில் முடிகிற மாதிரிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் அதே அக்காதான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் மருமகன் ஏப்ரலில் எழுந்து நின்றான். சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். பெகாரிஸ் அதைப் பார்த்தான், உல்போல்சினின் கையை உதறினான், குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டே நடந்து போய்க் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். குன்சுலு வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணெல்லாம் தண்ணீர். பெண்கள் மூன்றும் குதித்தன. ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“என்னங்க, நடந்துட்டான்.”

“பார்த்தேன்.”

“அப்ப விருந்து வைக்கணுமே.”

“நான் பார்க்கலை.”

என்ன செய்யச் சொல்கிறீர்கள், மச்சான்? மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த ஒரே ஆண் பிள்ளை. அவன் காலில் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றைக் கட்டி அறுக்காமல் தெருவில் நடக்கவிட முடியுமா? அறுத்தால் ஹால், பாட்டுக்காரர், இருநூறு பேருக்குச் சாப்பாடு, வந்தவர்களுக்கு அங்கி, நீங்கள் கொண்டுவரும் ஜனத்துக்குத் தனிச் சாப்பாடு. கையில் காசில்லை, சத்தியம் மட்டும் இருக்கிறது. மூத்தவள் நடந்த கடன், அவள் ஓடி, பள்ளிக்கூடம் சேர்ந்து, பல் விழுந்து, புதுப்பல் முளைத்த பிறகுதான் தீர்ந்தது. அவள் ஒவ்வொரு தடவை வாசல் தாண்டி ஓடும்போதும் எனக்குத் தவணைத் தேதிதான் ஞாபகம் வரும். ஒரு அப்பனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா? இவனாவது முதல் அடியைச் சொந்தக் காசில் வைக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை. இதை என் பக்கத்தில் எழுதினேன். கூட்டம் கூடிவிட்டது. “குழந்தையைக் கட்டிப்போட்டுடாதே, பாவம். வீட்டுக்குள்ள நல்லா நடக்கட்டும், வெளியில தூக்கிக்கோ” என்றாள் பாவ்லதார் நர்ஸ். “ரெண்டு கையிலயும் தின்பண்டம் குடு. கை நிறைஞ்ச பிள்ளை நடக்காது, உக்காந்து திங்கும்” என்றார் செமேய் அக்கா. “எங்க ஒட்டகமும் அப்படித்தான்” என்றார் ஒட்டகக்காரர். அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை எனக்கு வந்த முதல் கேள்வி தினமும் இதுதான்: “இன்னைக்கு யாராவது பார்த்தாங்களா?” முகம் தெரியாத இரண்டாயிரம் பேர், ஒரு குழந்தை யார் கண்ணிலும் படாமல் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். அல்லாவுக்கு இப்படி ஒரு வேண்டுதல் இதற்கு முன் வந்திருக்காது.

பக்கத்து வீட்டு ராபிகா அக்காவை உங்களுக்குத் தெரியும். நல்ல செய்தியை முதலில் ஓடிப்போய்ச் சொல்லிப் பரிசு வாங்குவதில் இந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. பரிசாக வந்த தலைத்துண்டுகளே ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் செய்தி மாலைக்குள் உங்கள் மேட்டுக்கு வந்துவிடும், சிக்னல் கூடத் தேவையில்லை. ஒருநாள் பெகாரிஸ் முற்றத்தில் காயும் படுக்கை விரிப்புக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறான், விரிப்புக்குக் கீழே இரண்டு சின்னப் பாதம் மட்டும் தெரிகிறது, மதில் மேல் ராபிகா அக்காவின் தலை. நான் பாய்ந்துபோய் விரிப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

“யாருடா அது, துணிக்குப் பின்னால நடக்கிறது?”

“நான்தான்க்கா.”

“உன் காலு எப்படா இத்துனூண்டு ஆச்சு?”

“வேலை ஜாஸ்திக்கா, இளைச்சுப்போச்சு.”

அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதற்காக நான் அன்று சொன்ன நன்றியை நினைத்து எனக்கே வெட்கம். அதைவிட, அவர் சாயங்காலம் ஒரு தட்டுக் கறியை அனுப்பி, “அவன் சாப்பிடட்டும், காலெல்லாம் தேய்ஞ்சு கிடக்கு” என்று சொல்லியனுப்பினாரே, அதுதான் தாங்கவில்லை.

ஜூனில் நீங்கள் வந்தீர்கள். தோல்பை நிறையக் குதிரைப் பால், வாய் நிறையச் சிரிப்பு. கம்பளத்தில் உட்கார்ந்து சாட்டையை நீட்டினீர்கள். “வாடா என் சிங்கமே! மாமன்கிட்ட வா! இந்தச் சாட்டை உனக்குத்தாண்டா!” பெகாரிஸுக்கு அந்தச் சாட்டையென்றால் உயிர். எழுந்தான். இரண்டு கையிலும் இருந்த பொரித்த மாவுருண்டைகளைக் கீழே போட்டான். ஒரு காலைத் தூக்கினான். வேறு வழி தெரியாமல் நான் என் கோப்பைத் தேநீரை என் மடியிலேயே ஊற்றிக்கொண்டேன். கொதிக்கக் கொதிக்க. நான் போட்ட சத்தத்தில் பிள்ளை தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தூக்கி, முழங்காலைத் தடவி, “முயற்சி பண்றான், முடியல” என்றீர்கள். உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன், மச்சான். அந்தக் கணமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், “இவன் நடக்கிற அன்னிக்கு ரெண்டு பஸ் ஜனம் வரும் மாப்ளே, ஹாலைப் பெருசாப் புடி!” என்றீர்கள். திறந்த வாயை மாவுருண்டையால் அடைத்துக்கொண்டேன்.

ஜூலையில் எலும்பு வைத்தியரோடு வந்தீர்கள். அவர் பெகாரிஸின் காலை இழுத்தார், முறுக்கினார், மடக்கினார். அவன் விளையாட்டு என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்து, அவர் தாடியில் ஒரு உதை விட்டான். அந்த உதையைப் பார்த்தாவது நீங்கள் யோசித்திருக்கலாம். வைத்தியர் ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “பிள்ளை மேல தப்பில்ல. தகப்பன் முதுகுலேருந்து வர்ற கோளாறு” என்றார். “அப்ப தகப்பனைப் புடிங்க!” என்று நீங்கள் என் தோள் மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். குன்சுலு வெளியே ஓடிவிட்டாள், அழத்தான் ஓடினாள் என்று நினைத்தேன், கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள், பிற்பாடு உல்போல்சின் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் இந்த வீட்டில் நடக்க முடியாமல் கிடந்த ஒரே ஆள் நான்தான். வைத்தியருக்குக் காசு கொடுக்காமல் அவர் வீட்டு ஃபிரிட்ஜைச் சரிசெய்து கொடுத்தேன், அதையும் படுத்துக்கொண்டேதான் செய்தேன். இதை எழுதியபோது வாசகர்கள் என்னைத் தியாகி என்றார்கள். ஒட்டகக்காரர் மட்டும், “நல்லதுதான், எங்க ஒட்டகத்துக்கும் வருஷத்துக்கு ஒருதரம் இழுப்போம்” என்று எழுதினார்.

இன்று காலை எட்டு மணிக்குக் கடைசித் தவணையைக் கட்டினேன். கட்டைவிரலை வைத்தேன், பணம் போனது, திரையில் ஒரு பூஜ்யம். குன்சுலு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், “அழகா இருக்குங்க” என்றாள். என் பக்கத்தில் எழுதினேன். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்து விழுந்தன. ஒருவர் தன் ஊரில் மிட்டாய் வாங்கி வீசினாராம், என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அறுபது லட்சக்காரர், “நான் இன்னும் இருபத்திரண்டுல நிக்கிறேன். நீ போ தம்பி, பின்னாடியே வர்றேன்” என்று எழுதினார். செமேய் அக்காவின் பதில் கடைசியில்தான் வந்தது. ஒரே வரி: “சரி. இனிமே அவனை இறக்கி விடு.” மூன்று வருஷத்தில் அவர் எனக்கு எழுதியவற்றிலேயே சின்னது. படித்துவிட்டு, சரிபார்க்கிற மாதிரி மெய்ராமின் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். தலையை வெளியே எடுத்தபோதுதான் மெய்ராம் வந்து நின்று கார்லிகாஷைப் பற்றிச் சொன்னான்.

ஆகவே, மச்சான், விருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஹால் இல்லை, எங்கள் முற்றம்தான். ரொக்கம் கொடுத்து வாங்கிய ஒரே ஒரு ஆடு. தேநீர், மாவுருண்டை, ராபிகா அக்காவின் ஜாம். இரண்டு பஸ் வேண்டாம். நீங்களும் அண்ணியும் வாருங்கள், கார்லிகாஷை மெய்ராமின் லாரியில் ஏற்றி அழைத்து வாருங்கள். பரிசு எதுவும் கொண்டுவராதீர்கள். கயிற்றை யார் அறுக்கிறாரோ அவர் மாதிரிதான் பிள்ளையின் நடை வரும் என்பார்கள். என் மகனின் காலுக்காகத் தன் குதிரையை விற்கத் துணிந்த மனுஷனைவிட நல்ல நடைக்காரரை நான் எங்கே போய்த் தேடுவேன்? கத்தி உங்கள் கையில்தான். அறுத்து முடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு என்னிடம் பேசுங்கள், அது ஒன்றுதான் வேண்டுகோள்.

உங்கள் ஆடுகள் இரட்டையாக ஈனட்டும். கூடாரத்துப் புகை வளையாமல் மேலே போகட்டும். ஓநாய் வேறு மலையில் குடியேறட்டும். அண்ணியின் முழங்கை இந்தக் குளிருக்குள் மடங்கட்டும். பெகாரிஸ் தன் இரண்டு நல்ல கால்களாலும் மாமனுக்குச் சலாம் சொல்கிறான்.

கடனில்லாத (எவ்வளவு நாளாக இதை எழுத ஆசை!)
உங்கள் மாப்பிள்ளை
செர்கெபாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், என் வார்த்தையை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தோன்றியது. அதனால் மெய்ராமின் ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்று பெகாரிஸை முற்றத்தின் நடுவில் இறக்கிவிட்டேன். வாசகர்களும் நேரலையில் பார்க்கட்டும் என்று என் ஃபோனையும் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தேன். ஆயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெகாரிஸ் உட்கார்ந்தான். “நட கண்ணு” என்றேன். இரண்டு கையையும் மேலே தூக்கினான், தூக்கிக்கொள் என்று. ஒரு கயிற்றைச் சாட்டை மாதிரிக் காட்டினேன், ஃபிரிட்ஜ் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து சாய்த்தேன், மாவுருண்டையை எட்ட வைத்தேன். அவன் மாவுருண்டையை விரலால் காட்டிவிட்டு, தன்னை அங்கே தூக்கிப் போகும்படி மெய்ராமுக்கு உத்தரவு போட்டான். மெய்ராமும் தூக்கிப் போனான். “அப்பா, இத்தனை பேர் பார்க்கிறப்போ நடக்கக் கூடாதுன்னுதானே நாம பழக்கினோம்” என்கிறாள் உல்போல்சின். மதில் மேலிருந்து ராபிகா அக்கா, “ஐயோ, பிள்ளைக்கு நெசமாவே கால் வரலியேடா” என்று அழுகிறார். செமேய் அக்கா, “நாலு மாசம் நீ தூக்குனே, இப்ப அவன்கிட்டப் போய்க் கோவப்படாதே” என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தியும் பார்த்துவிட்டோம், இப்போது அங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கிறான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரப்போகும் மெய்ராம் ஹாரன் அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். கார்லிகாஷை விற்காதீர்கள். ஆனால் அந்தக் கோர்தாய் ஆளுக்குக் கோப்பையை நிறைத்துவிடவும் வேண்டாம், மச்சான். கொஞ்சம் பாதி பாதியாகவே ஊற்றிக்கொண்டிருங்கள்.